ஓட்டமா, சைக்கிளா, பாதயாத்திரையா? ஹீமோபிலியாவுக்கு நிதி திரட்ட நான் எடைபோட்ட வழிகள்

ஹீமோபிலியா உள்ளவர்களுக்கு ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் என்ற புரதம் குறைவு. அதை ஈடுசெய்யும் ஃபேக்டர் மருந்து ஒரு சின்னக் குப்பியில் வெள்ளைத் தூளாக வரும். கூடவே வரும் ஊசி நீரை அதில் இறக்கிய பிறகு குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். என் அக்கா அந்தக் குப்பியை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, விளக்குக்குத் திரி திரிப்பதுபோல் மெதுவாக உருட்டுவாள். தூள் கரைந்து தெளியும்வரை வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். கட்டிலில் அவள் மகன் வலது காலை நீட்டிப் போட்டு, துண்டில் சுற்றிய ஐஸ் கட்டியை முழங்கால்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பான். கோவில்பட்டியில் அந்தப் பின்னறை வாசலில் நின்று இதை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்குக் கணக்கில்லை. இந்த ஆண்டுதான், இனியும் வாசலில் நின்றுகொண்டே இருக்கக் கூடாது என்று தோன்றியது.

உடம்பை வருத்தி ஒரு நெடுந்தூரத்தைக் கடப்பது, அதைச் சொல்லித் தெரிந்தவர்களிடம் பணம் கேட்பது, சேர்ந்த பணத்தை நோயாளிகளுக்காக உழைக்கும் அமைப்பிடம் கொடுப்பது. இந்த வழக்கம் இப்போது நம் ஊர்களிலும் பரவியிருக்கிறது. எதில் இறங்குவது என்று முடிவு செய்யத்தான் எனக்கு ஆறு மாதம் ஆனது. சென்ற ஆண்டு சென்னையில் ஓர் அரை மராத்தான் ஓடினேன். 200 கிலோமீட்டர், 300 கிலோமீட்டர் என்று இரண்டு சைக்கிள் பயணங்களை முடித்தேன். அந்த அனுபவத்தையும், கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வைத்து எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் ஒருவருக்கு, குறிப்பாகத் தன் குடும்பத்திலேயே ஒரு பரம்பரை நோய் இருக்கும் ஒருவருக்கு, இது கைகொடுக்கலாம்.

ஹீமோபிலியா எக்ஸ் குரோமோசோம் வழியாக வருகிறது. அந்தக் குறையைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர பாதி வாய்ப்பு, ஒவ்வொரு மகளும் அதைச் சுமப்பவளாகப் பிறக்கப் பாதி வாய்ப்பு. என் அம்மாவின் தம்பி ஒருவர் சிறுவனாக இருந்தபோது, பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்காமல் இறந்துபோனார். காத்துக் கருப்பு என்று சொல்லி ஊர் அதை மூடிவிட்டது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, தவழத் தொடங்கிய அக்கா மகனின் இரண்டு முழங்கால்களும் நீலம் பாரித்து வீங்கியபோதுதான் அம்மா அந்தத் தம்பியின் கதையை முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். அக்காவுக்கும் எனக்கும் ஒரே தாய். அம்மாவிடமிருந்து எனக்கு வந்த எக்ஸ் பழுதில்லாதது, அவளுக்கு வந்தது மற்றது. காதுகுத்திலிருந்து கல்யாணம் வரை தாய்மாமனுக்கு எங்கள் பக்கம் செய்முறைகள் பல உண்டு. இதையும் என் செய்முறையாகவே நினைக்கிறேன்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால், திரட்டும் பணம் எதற்கு என்று தெளிவாக வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அது இல்லையென்றால் எங்களைப் போன்ற வீடுகள் என்றோ நொடித்திருக்கும். ஃபேக்டர் 8 உடலில் ஏறிய பிறகு ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. நோய் கடுமையாக இருக்கும் பிள்ளைக்கு வாரத்தில் பல முறை அதை நரம்பில் ஏற்ற வேண்டும். எமிசிஸுமாப் என்ற புதிய மருந்தைத் தோலுக்கடியில் வாரம் ஒருமுறையோ நான்கு வாரத்துக்கு ஒருமுறையோ போட்டால் போதும், ஆனால் அதன் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை அளித்து, கண்காணித்த காலத்தில் அவர்களுக்கு ரத்தக்கசிவு வரவில்லை என்ற முடிவை 2024 இறுதியில் வெளியிட்டார்கள். அந்தச் செய்தியை அக்காவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். ஆனால் ஒரு தனிமனிதன் ஓடியும் மிதித்தும் சேர்க்கும் இரண்டு மூன்று லட்சம் ரூபாய் மருந்துச் செலவில் கடலில் கரைத்த பெருங்காயம்தான். அதற்காகத் திரட்டுவதில் பொருளில்லை என்பது என் முடிவு.

அந்த இரண்டு மூன்று லட்சம் பெரிதாகப் பயன்படும் இடங்கள் வேறு. வீங்கிய முழங்காலோடு பஸ் ஏறி மருத்துவமனைக்குப் போகும் நாளில் தாய் இழக்கும் கூலி. ரத்தக்கசிவு நின்ற பிறகு மூட்டு இறுகிப்போகாமல் காக்கும் பிசியோதெரபி. முழங்கால் உறை. குடும்பத்துப் பெண்களுக்கான பரிசோதனை. நோயைச் சுமக்கும் பெண்களின் ரத்தத்தில் ஃபேக்டர் அளவு பல நேரங்களில் இயல்பாகவே இருக்கும் என்பதால் மரபணுப் பரிசோதனையில்தான் உறுதியாகத் தெரியும். அளவு குறைவாக உள்ள பெண்கள் மாதவிலக்கில் வரும் மிகுதியான ரத்தப்போக்கைத் தங்கள் விதி என்று பொறுத்துக்கொண்டிருப்பார்கள்.

பணத்தால் தீராதவையும் உண்டு. எங்கள் பக்கத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் காய்ச்சலுக்குப் போன பையனுக்குத் தொடையில் ஊசி போட்டுவிட்டார்கள். ஹீமோபிலியா என்று அக்கா சொல்லியும் அந்தச் சொல் அங்கே யாருக்கும் எதையும் உணர்த்தவில்லை. தசைக்குள் ரத்தம் கட்டி அவன் மூன்று வாரம் படுத்தபடுக்கையாகக் கிடந்தான். தசையில் ஊசி கூடாது, ஆஸ்பிரின் கூடாது என்ற இரண்டே வரி தெரிந்திருந்தால் போதும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் ஹீமோபிலியாவுக்கும் சான்றிதழ் பெறலாம் என்பது எங்களுக்கே மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, சித்தி மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். பரிசோதனை என்ற சொல்லையே அந்த வீட்டில் எடுக்க முடியவில்லை. சொன்னால் வரும் சம்பந்தமும் போய்விடும் என்ற பயம்.

அதனால் ஒவ்வொரு வழியிலும் எவ்வளவு பணம் சேரும் என்பதோடு, எத்தனை பேர் இந்த நோயைப் பற்றிக் காதுகொடுத்துக் கேட்பார்கள் என்பதையும் சேர்த்தே பார்த்தேன்.

முதலில் மராத்தான். நிதி திரட்டுவதில் நம் நாட்டில் நன்றாக வேரூன்றிய வழி இதுதான். 2004-இல் தொடங்கிய மும்பை மராத்தான் ஜனவரி மூன்றாம் ஞாயிறு நடக்கிறது. தொண்டு நிறுவனங்கள் அதில் பதிவு செய்துகொள்ளும், அவற்றின் சார்பில் ஓடுபவர்கள் நண்பர்களிடமும் அலுவலகத்திலும் நிதி கேட்பார்கள், பணம் நேராக நிறுவனத்தின் கணக்குக்குப் போகும், ரசீது வரும். கொடுப்பவருக்கு எந்தச் சந்தேகமும் எழாத ஏற்பாடு. பெரிய கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இதைவிட எளிதான வழி இல்லை. 42.195 கிலோமீட்டர் என்றால் அது பெரிய தூரம் என்று எல்லோருக்கும் தெரியும், விளக்க வேண்டியதில்லை. விடியலில் கடல் பாலத்தின்மேல் ஓடுவதையும், கால் ஓய்ந்த நேரத்தில் வரும் பெடர் சாலை ஏற்றத்தையும் ஓடிய நண்பர்கள் சொல்லும்போது எனக்கும் ஆசை வருகிறது.

ஆனால் என் அரை மராத்தான் கற்றுக்கொடுத்தது வேறு. அலுவலகத்தில் மின்னஞ்சல் அனுப்பினேன், இரண்டே நாளில் பணம் சேர்ந்தது. பயிற்சி எப்படி, ஷூ எது, எத்தனை மணி நேரம் என்றெல்லாம் கேட்டார்கள். ஹீமோபிலியா என்றால் என்ன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை, அன்போடு கொடுத்தவர்கள். ஓட்டம் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடுகிறது, அதோடு பேச்சும் முடிகிறது. பெரிய மராத்தான்களில் புற்றுநோய், பெண் கல்வி, பார்வையற்றோர் என்று எத்தனையோ நல்ல காரணங்கள் தோளோடு தோள் நிற்கும்போது, வாயில் நுழையாத பெயருள்ள ஒரு நோய் பின்வரிசைக்குப் போய்விடுவது இயல்பு. முழு மராத்தானுக்கு நான்கு ஐந்து மாதம், வாரத்துக்கு நான்கு நாள் ஓட வேண்டும். முப்பத்தெட்டு வயதில் என் முழங்கால் அதைத் தாங்கும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை.

முதன்முறையாக நிதி திரட்டுபவருக்கு நான் சொல்வது சென்னை மராத்தான்தான். அதுவும் ஜனவரியில் வருகிறது, பயணச் செலவு இல்லை, பத்து கிலோமீட்டர் பிரிவும் உண்டு. நிதி கேட்கும் கூச்சம் அதில் கழன்றுவிடும்.

அடுத்து பிரெவே எனப்படும் நெடுந்தூர சைக்கிள் பயணங்கள். பாரிஸைச் சேர்ந்த ஆடாக்ஸ் சங்கத்தின் விதிமுறைப்படி உலகம் முழுவதும் நடப்பவை. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40 மணி நேரம் என்று கெடு. இது பந்தயம் இல்லை, முதலிடம் கிடையாது. வழியில் குறித்த இடங்களைக் குறித்த நேரத்துக்குள் கடந்ததற்குச் சாட்சி வேண்டும், நம் ஊரில் அதற்குப் பெரும்பாலும் ஏடிஎம் சீட்டுதான். இரவு இரண்டு மணிக்கு ஏதோ ஒரு சிற்றூரின் ஏடிஎம் அறையில், வியர்வையில் நனைந்த கையால் அந்தச் சீட்டைக் கிழித்து பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டபோது, வெளியே ஒரு காவலாளி என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதற்காகப் போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். தன் ஊரிலும் அப்படி ஒரு பையன் இருந்தான், கீழே விழுந்து தலைக்குள் ரத்தம் கசிந்து போய்விட்டான் என்றார். என் எண்ணத்தைத் திருப்பிவிட்டது அந்த ஐந்து நிமிடப் பேச்சுதான்.

ஒரே பருவத்தில் இந்த நான்கையும் முடித்தால் மொத்தம் 1,500 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று கேட்டால் ஒருவர் தருவது 1,500 ரூபாய், மாதாமாதம் பிரித்துக்கூடத் தரலாம். நான்கு பயணங்கள் என்பதால் கொடுப்பவர்களுக்கு நான்கு முறை கடிதம் எழுதலாம், நான்கு முறையும் நோயைப் பற்றிப் புதிதாக ஒன்றைச் சொல்லலாம். செலவும் குறைவு. ஆனால் முடித்த தூரத்துக்கு மட்டும் பணம் என்று பேசிக்கொள்ளாதீர்கள். 300 கிலோமீட்டர் பயணத்தின் கடைசி மூன்று மணி நேரம் எனக்குக் கண் சொருகியது. அந்த நேரத்தில் சாலையோரம் படுத்துத் தூங்குவதுதான் அறிவு. தூரம் குறைந்தால் நோயாளிகளுக்குப் பணம் குறையும் என்ற எண்ணம் இருந்திருந்தால் நான் தூங்கியிருக்க மாட்டேன். தூங்காமல் லாரிகளுக்கு நடுவே மிதித்திருப்பேன். பணம் முயற்சிக்கு என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, இரவு முழுக்க மிதிப்பவனுக்கு ஊர்களில் நின்று பேச நேரமே இருக்காது. கெடு துரத்திக்கொண்டே இருக்கும்.

அந்தக் கெடுவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நாமே வகுத்துக்கொள்ளும் பயணம். சென்னையிலிருந்து கன்னியாகுமரி, ஏறக்குறைய 700 கிலோமீட்டர், நாளுக்கு நூறு என்று ஏழு நாள். சைக்கிள்காரர்கள் மூன்று நாளில் முடிக்கும் தூரம்தான் இது, சாதனை என்று சொல்லிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. ஆனால் வழியைப் பாருங்கள். செங்கல்பட்டு, விழுப்புரம், திருச்சி, மதுரை, விருதுநகர், திருநெல்வேலி, நாகர்கோவிலில் ஆசாரிப்பள்ளம் என்று ஏழு அரசு மருத்துவக் கல்லூரிகள் இந்தத் தடத்தில் கோத்ததுபோல் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் நம்பி வாழும் ஹீமோபிலியா குடும்பங்கள் சுற்றுவட்டாரத்தில் இருக்கும். காலை ஐந்து மணிக்குக் கிளம்பி பதினொரு மணிக்குள் மிதித்து முடித்தால், மாலை முழுவதும் நம் கையில். ஒரு பள்ளி, ஒரு மருந்துக் கடைக்காரர்கள் சங்கம், ஒரு செவிலியர் பயிற்சிப் பள்ளி என்று தினமும் ஓரிடத்தில் உட்கார்ந்து பேசலாம். அந்த இரண்டு வரியை, தசையில் ஊசி கூடாது, ஆஸ்பிரின் கூடாது என்பதை, அச்சடித்துக் கொடுத்துவிட்டு வரலாம்.

இதில் உள்ள சிரமங்களை மறைக்கப் போவதில்லை. பின்னால் நிற்க ஓர் அமைப்பாளர் கிடையாது, ஒவ்வோர் ஊரிலும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், காவல் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். நான்குவழிச் சாலையில் எதிர்த்திசையில் வரும் மோட்டார் சைக்கிள்களும், பின்விளக்கில்லாத டிராக்டர்களும் உண்மையான ஆபத்து. துணைக்கு ஒரு வண்டி வைத்தால் செலவு கூடும், வைக்காவிட்டால் வீட்டில் யாரும் தூங்கமாட்டார்கள். மாதமும் முக்கியம். ஏப்ரல் 17 உலக ஹீமோபிலியா நாள், அன்று குமரியில் முடித்தால் நன்றாக இருக்குமே என்று பலர் சொன்னார்கள். சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் ஏழு நாள் மிதிக்க நான் யாருக்கும் ஆலோசனை சொல்லமாட்டேன். ஆனி, ஆடியில் போனால் காவல்கிணறு, முப்பந்தல் பக்கம் கணவாய்க் காற்று சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளும், அங்கே காற்றாலைகள் காடாக நிற்பதே அதனால்தான். பொங்கல் கழிந்து மாசி முடிவதற்குள் போவதுதான் நல்லது.

பாதயாத்திரையை அம்மா நினைவுபடுத்தினாள். தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கமிருந்து பழனிக்கு நடப்பவர்கள் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் தனக்காக நடப்பதில்லை, வீட்டில் நோயோடு கிடக்கும் யாரோ ஒருவருக்காக நடக்கிறார்கள். இன்னொருவர் வலிக்காகத் தன் காலை வருத்திக்கொள்வது நம் மண்ணில் நெடுங்காலமாக இருப்பது. அக்கா மகன் பிறந்த மறு ஆண்டு அம்மா அப்படி நடந்தவள். வழி முழுக்க அன்னதானம், தங்க இடம், முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடும் போலீஸ்காரர்கள். பணச் செலவே கிடையாது. அதில் நிதியும் திரட்டலாமா என்று கேட்டதற்கு அம்மா உடனே தலையாட்டி மறுத்தாள். வேண்டுதலுக்கு நடப்பவள் கை நீட்டக் கூடாது என்றாள். எனக்கும் அது சரியென்றே படுகிறது. மேலும், யாத்திரையில் வேறு மதத்து நண்பர்களை எப்படி அழைப்பது? நோய் எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஆனால் தனியாக ஒரு நடைப்பயணமாக, ஒரு மாவட்டத்துக்குள்ளேயே நாளுக்கு இருபது கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், சைக்கிள் பழக்கமில்லாதவர்களுக்கும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் அதைவிட நல்லது இல்லை. நடப்பவரோடு யார் வேண்டுமானாலும் சேர்ந்து நடந்துகொண்டே பேசலாம்.

கிளிமஞ்சாரோ, எவரெஸ்ட் அடிவார முகாம் போன்றவற்றைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. விமானக் கட்டணமும் வழிகாட்டிச் செலவும் திரட்டும் பணத்தை விழுங்கிவிடும் அளவுக்குப் பெரியவை. முழுச் செலவையும் தன் சேமிப்பிலிருந்து போட்டுக்கொள்பவர் தாராளமாகப் போகட்டும். குற்றாலீஸ்வரன் 1994-இல் நீந்திக் கடந்த பாக் நீரிணை நீச்சல் வீரர்களுக்கு மட்டுமே, இரண்டு நாட்டு அனுமதியும் வேண்டும்.

எந்த வழியானாலும் பணத்தை உங்கள் கணக்கில் வாங்காதீர்கள். 1983-இல் தொடங்கிய இந்திய ஹீமோபிலியா கூட்டமைப்புக்குப் பல ஊர்களில் கிளைகள் உண்டு, அதுபோன்ற பதிவுபெற்ற ஓர் அமைப்பிடம் நேராகப் போகும்படி முதல் நாளே ஏற்பாடு செய்துவிட வேண்டும். அமைப்புக்கு நன்கொடைக்கான வரிச்சலுகைப் பதிவு (80ஜி என்று சொல்லப்படுவது) இருந்தால் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குச் சலுகை கிடைக்கும், புதிய வரிமுறையில் கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் எந்த முறையிலும் கிடையாது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உறவினர் இந்தியக் குடிமகனாக இருந்து தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவர் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் என்றால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் (எஃப்சிஆர்ஏ) பதிவு உள்ள அமைப்புதான் அதைப் பெற முடியும். உறவுக்காரர்கள்தானே என்று இதை விட்டுவிட்டால் சிக்கல் அந்த அமைப்பின் தலையில் விழும்.

பரம்பரை நோய்க்கு மட்டுமே உள்ள இன்னொரு கேள்வியும் இருக்கிறது. என் படத்தைப் போட்டு, எங்கள் வீட்டில் ஹீமோபிலியா என்று எழுதினால், அது என் ஒருவனின் ரகசியம் இல்லை. அக்கா, அம்மா, சித்தி, சித்தி மகள் என்று எல்லாப் பெண்களையும் நான் ஊருக்குக் காட்டிக்கொடுத்ததாகும். அதனால் முதலில் அக்காவிடமும் அவள் மகனிடமும் கேட்டேன். அவனுக்குப் பதினான்கு வயது. என் பெயரைப் போடாதீங்க மாமா, ஆனா மாமா என்று மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்றான். சித்தியிடம் கேட்டபோது அவள் பதில் சொல்லவில்லை. அதனால் பெயர், குலம், முகம் எதுவும் வராமல், அக்கா மகனுக்காக மிதிக்கும் ஒரு தாய்மாமன் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டேன். நிதி அதனால் கொஞ்சம் குறையலாம். குறையட்டும்.

நான் எடுத்த முடிவு சென்னை முதல் குமரி வரை. வேலை பளு மிகுந்த, பெரிய நிறுவனத்தில் இருக்கும் ஒருவர் என்னிடம் கேட்டால் மராத்தான் என்றே சொல்வேன், அவரால் நான் திரட்டுவதைப்போல் பல மடங்கு திரட்ட முடியும். சைக்கிளில் ஏற்கெனவே ஊறியவருக்கு அந்த 1,500 கிலோமீட்டர். நோய் தன் வீட்டிலேயே இருப்பவருக்கு மட்டும், ஊர் ஊராக நின்று பேச இடம் தரும் மெதுவான வழி. பிப்ரவரியில் கிளம்புகிறேன். ஐந்தாம் நாள் மாலை கோவில்பட்டி. ஏழாம் நாள், கொட்டாரத்திலிருந்து குமரி வரையுள்ள கடைசி சில கிலோமீட்டர்களை அக்கா மகனும் என்னோடு சைக்கிளில் வருவான். அன்று காலை ஃபேக்டர் போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டும் முழங்கால் உறையும் அணிந்து வரலாம் என்று மருத்துவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் சித்தி போன் செய்தாள். கோவில்பட்டிக் கூட்டம் எந்த மண்டபத்தில் என்று கேட்டாள். வெயில், சாப்பாடு, அம்மாவின் சர்க்கரை என்று வேறு எதையெதையோ பேசினாள். வைக்கப்போகும் நேரத்தில் குரலைத் தாழ்த்தி, அந்தச் சோதனைக்கு வெறும் வயிற்றில்தான் போக வேண்டுமா என்று கேட்டாள். வேண்டியதில்லை சித்தி, சாப்பிட்டுவிட்டே போகலாம் என்றேன்.